பள்ளிப் பிள்ளைகளின் பசியும் ஒரு துணைவேந்தரின் தொண்டும்

(திருக்குட நன்னீராட்டு விழாவையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு மேடையில் நாயன்மார் வரலாறோ, அம்மையின் அருட்டிறமோ, சித்தாந்த நுண்பொருளோ விரித்துரைக்கப்படுதல் வழக்கம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்வழக்கினின்றும் சிறிது விலகியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1969 முதல் 1975 வரை வீற்றிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் தொண்டே இன்றைய பொருள். அவர் கோயில் வாயிலை நாடி நின்ற அன்பர் அல்லர். பெரியார் ஈ. வெ. ரா. அவர்களின் கொள்கையில் தோய்ந்தவர். பகுத்தறிவாளர் என நாடறிய விளங்கியவர். சாதி கடந்து காந்தம் அம்மையாரை மணந்தவர். இத்தகைய ஒருவரைக் குடமுழுக்கு விழாவிலே பாராட்டுதல் எங்ஙனம் பொருந்தும் என வினவுவார் உளர். வினா முறையானதே. அதற்குரிய விடை தொலைவில் இல்லை, இச்சமயபுரத்திலேயே இருக்கின்றது.

மாசித் திங்களின் இறுதி ஞாயிறன்று இங்கே பூச்சொரிதல் தொடங்குகின்றது. அன்று தொட்டு 28 நாள் அம்மை பச்சைப் பட்டினி கிடக்கின்றாள். அந்நாள்களில் சமைத்த தளிகை அவளுக்குப் படைக்கப்படுவதில்லை. இளநீரும் பானகமும் நீர்மோரும் துள்ளுமாவுமே நிவேதனம். பிற தலங்களில் அடியார் தெய்வத்தின் பொருட்டு நோன்பு நோற்பர். ஈண்டோ தெய்வம் அடியார் பொருட்டு நோன்பு நோற்கின்றது. உலகத்து உயிர்கள் நோயின்றி வாழ்தற்பொருட்டுத் தாய் தன் வயிற்றைக் காயப்போடுகின்றாள் என்பதே இதன் கருத்து. பசி இன்னதென்று அறிந்த தெய்வம் இது. அதன் திருமுன்னிலையில், பசித்த பிள்ளையின் வயிற்றைத் தம் அலுவற் கோப்பின் முதற்பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் அதிகாரியைப் பற்றிப் பேசுதல் எவ்வாற்றானும் பிழையாகாது. ஆயினும் ஒன்று. அவரைச் சைவராக்கிக் காட்டுதல் ஈண்டு நோக்கமன்று. அவர் கொண்ட கொள்கை அவருடையது. அதனை மறைத்துப் புகழ்தல் புகழாகாது.

காஞ்சிபுரத்தையடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். கல்வித் துறையிற் புகுந்து பள்ளித் துணை ஆய்வாளராக ஊரூராகச் சுற்றினார். அவ்வேலை எளிதன்று. ஆய்வாளர் வருகின்றார் என்றால் அன்றொரு நாள் மட்டும் பள்ளி நிரம்பியிருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கும் பாயில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் மறுநாளே பொருத்தம் இராது. காலையில் வந்த பிள்ளை நண்பகலில் வீட்டுக்குச் செல்லும். வீட்டில் கஞ்சி இல்லையெனில் பிற்பகல் திரும்பி வாராது. ஆடு மேய்க்கவோ, தம்பி தங்கையரைச் சுமக்கவோ போய்விடும். பெற்றோரின் அறியாமையே இதற்குக் காரணம் எனப் பட்டணத்தார் எளிதாகச் சொல்லிவிடுவர். உண்மையான காரணம் அடுப்படியில் கிடந்தது. இதனைச் சிற்றூர்ப் பள்ளிகளின் திண்ணையிலிருந்து கண்டவர் சுந்தரவடிவேலு.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே, நாற்பத்திரண்டு அகவையை எட்டும் நிலையில், சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநர் பொறுப்பினை ஏற்றார். ஆறாம் வகுப்போடு ஏட்டுக் கல்வியை நிறுத்திக்கொள்ள நேர்ந்த ஒரு தலைவரும், ஏட்டுக் கல்வியின் எல்லையைக் கண்ட ஓர் அதிகாரியும் ஒருமனப்பட்டது தமிழகத்தின் நற்பேறு. ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை முதலமைச்சர் வழியில் கண்டு, பள்ளிக்குப் போகாதது ஏன் எனக் கேட்டதும், அவன் சோற்றைப் பற்றித் திருப்பிக் கேட்டதும் பலரும் சொல்லும் கதை. ஊர்ப்பெயரை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சொல்வர். அது எந்த ஊராயினும் ஆகுக. அச்சிறுவன் எல்லா ஊரிலும் இருந்தான்.

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் அன்று புதிதாகத் தோன்றியதன்று. நீதிக்கட்சியார் காலத்தில், பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அது தொடங்கப்பெற்றது. ஒரு நகரத்தின் சில பள்ளிகளில் செய்ததனைக் குமரி முதல் வடவெல்லை வரை எல்லாச் சிற்றூர்ப் பள்ளிகளிலும் செய்வது எங்ஙனம் என்பதே 1955இல் எழுந்த வினா. கருவூலத்தார் தயங்கினர். அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. இல்லாத பணத்தை எழுதித்தர எந்தக் கணக்கரும் ஒருப்படார். பிற வேலைகளை ஒதுக்கிவிட்டு ஊரூராகச் சென்று இதற்காகப் பிச்சை ஏற்கவும் தாம் அணியமாக இருப்பதாக முதலமைச்சர் பொதுமேடையிலேயே கூறினார். அரசு ஆணை பிறப்பிக்கும்வரை காத்திராமல் ஊராரைக் கொண்டே தொடங்கிவிடுவதென முடிவாயிற்று.

இவ்விடத்தில் திருவீழிமிழலை வரலாற்றை நினைவுகூர்தல் வேண்டும். நாடு பஞ்சத்தால் நலிந்த காலத்தில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அத்தலத்தில் தங்கி அடியார்க்கு அமுதளித்தனர். அதற்கென இறைவன் நாடோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அப்பரடிகள் மடத்தில் உரிய வேளையில் அமுது ஆயத்தமாகும். பிள்ளையார் மடத்திலோ காலம் தாழ்க்கும். காரணம் வினவியபோது, அப்பர் பெற்ற காசு அப்படியே செல்கின்றது என்றும், பிள்ளையார் பெற்ற காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்றும், அதனை மாற்றிப் பண்டம் வாங்குவதற்குள் பொழுது போய்விடுகின்றது என்றும் மடைப்பள்ளியார் உரைத்தனர். அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர். அதனால் அவர் காசுக்கு வாசி இல்லை எனத் தெளிந்த பிள்ளையார், பதிகம் பாடி வாசி நீங்கப் பெற்றார். சேக்கிழார் இந்நிகழ்ச்சியை எத்துணை நுட்பமாக அமைத்தார்! இரு காசும் இறைவன் தந்தனவே. ஆயினும் பசித்தவன் கணக்கில், காலம் தாழ்ந்து வரும் சோறு வாராத சோற்றுக்கு ஒப்பாகும்.

அரசின் காசுக்கு எப்பொழுதும் வாசி உண்டு. அது ஒப்புதல், ஒதுக்கீடு, தணிக்கை எனப் பல கடைகளில் மாறியே அடுப்பிற்கு வந்துசேரும். இதனை அறிந்தே சுந்தரவடிவேலு முதலிற் கைத்தொண்டினை நாடினார். ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் கூடினர்; நெல்லாகவும் பருப்பாகவும் காய்கறியாகவும் விறகாகவும் ஊரார் தந்தனர். 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அத்திட்டத்தினைத் தொடங்கிவைத்தார். ஊரார் தாமே செய்து காட்டிய பின் கருவூலத்தின் கதவும் திறந்தது. 1957 நவம்பர் முதல் அரசின் நல்கை கிடைத்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் 10 காசு எனக் கணக்கிட்டனர். அதில் 6 காசு அரசு தருவது, 4 காசு ஊரார் தருவது. பதின்முறைக் காசு அவ்வாண்டு ஏப்ரலில்தான் வழக்கிற்கு வந்திருந்தது. புதிய காசைக் கண்டு மக்கள் மயங்கிக்கொண்டிருந்த நாளில், அக்காசு கொண்டே பிள்ளைகளின் சோறு அளக்கப்பட்டது. 1961 முதல் கேர் என்னும் அமெரிக்க அறநிறுவனம் வழியாகப் பால்மாவும் சோளமாவும் எண்ணெயும் வந்தன.

ஊராரின் 4 காசு சிறிய தொகையாகத் தோன்றலாம். அதன் பெருமை தொகையில் இல்லை. அந்த 4 காசினால்தான் பள்ளி, அரசின் பள்ளி என்னும் நிலை மாறி, ஊரின் பள்ளியாயிற்று. தாம் தந்த அரிசி வெந்ததா, தண்ணீராய்க் கரைந்ததா என ஊர்ப் பெண்டிர் வந்து பார்ப்பர். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அவர்களோ நாடோறும் வருவர்.

கற்பவனுக்குச் சோறிடுதல் தமிழ் மரபிற்குப் புதிதா என்றால், அன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் 1815இல் தோன்றிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் தம்பால் வந்த மாணாக்கர்க்குத் தம் இல்லத்திலேயே உணவளித்துப் பாடஞ் சொன்னார். திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் காலத்தில், கற்க வந்தவர்க்கு உணவும் உறையுளும் மடத்துப் பொறுப்பாயின, உ. வே. சாமிநாதையர் அங்கிருந்தே தமிழ் கற்றுச் சங்க நூல்களை நாட்டிற்கு அளித்தார். வடலூரில் 1867இல் இராமலிங்க அடிகளார் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகின்றது. இவை யாவும் பெருமைக்கு உரியன.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பழைய சத்திரங்களிலும் மடங்களிலும் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்திலர். யார் யார் எங்கே அமர்வது, யார் அமரவே கூடாது என்னும் வரம்புகள் இருந்தன. சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், திருஞானசம்பந்தர் சொற்படி, திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் அவர்தம் மனைவியாருக்கும் வேள்வி வேதிகையின் அருகே இடமளித்தார். வேள்வித் தீயும் வலஞ்சுழித்து ஓங்கியது என்பது பெரியபுராணம். இதனைப் படித்துக் கண்ணீர் மல்கியோர் தம் வீட்டுத் திண்ணையில் யாழ்ப்பாணரின் வழிவந்தோர்க்கு இடமளித்தனரா? திருக்கோயில்களிலேயே எல்லாரும் நுழைதற்கு 1939லும் 1947லும் சட்டங்கள் இயற்ற நேர்ந்தது. பள்ளிக்கூடத்து மதிய உணவோ, ஊர்த்தெருவும் சேரித்தெருவும் தம்முள் பேசாத ஊர்களிலும் இரு தெருப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமரச் செய்யும் ஆற்றலுடையதாய் வந்தது. எல்லா ஊரிலும் இஃது எளிதில் நிகழ்ந்தது என்றல் பொய்யாகும். பெற்றோர் முணுமுணுத்த ஊர்களும் உண்டு. ஆயினும் பசி ஏறிய பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவன் யார் என்னும் ஆராய்ச்சி நெடுநேரம் நில்லாது. நாயன்மாரைப் போற்றுவோர் செய்திருக்கவேண்டிய இச்செயலைப் பகுத்தறிவாளர் ஒருவர் செய்தார். சைவ உலகம் இதனை வெட்கத்தோடும் நன்றியோடும் ஏற்றல் தகும்.

இனி, உணவோடு அவர் தொண்டு முடிந்ததாகக் கருதிவிடுதல் வேண்டா. 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்பன நாடெங்கும் நடைபெற்றன. அவற்றின் முறை மிகவும் எளியது. ஆசிரியரும் ஆய்வாளரும் ஒவ்வொரு பள்ளியையும் நேரிற் பார்த்து, அதற்கு என்ன இல்லை என ஒரு பட்டியல் எழுதுவர்: ஒழுகும் கூரை, சுவர்க்கடிகாரம், கரும்பலகை, குடிநீர்ப் பானை, நிலப்படம், பலகை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. பட்டியல் ஊரார் முன் படிக்கப்படும். ஒருவர் கூரையை ஏற்பார். மற்றொருவர் கடிகாரம் தருவார். ஒன்றும் இல்லாதவர் தச்சுவேலை செய்துதருவார். பின்னர் மாநாடு கூட்டி, தந்தவர் பெயரும் தந்த பொருளும் அறிவிப்பர். திருக்கோயிற் கல்வெட்டில் விளக்கெரிக்க ஆடு தந்த இடையன் பெயரும் அரசன் பெயரும் ஒருங்கே வெட்டப்பட்டிருப்பது போன்றதே இது. கொடையின் அளவு ஊருக்குத் தெரிய வேண்டுவதில்லை எனச் சிலர் கருதலாம். தந்தவன் பெயரைச் சொல்லிவிட்டால், தராதவன் மறுநாள் தானே தருவான் என்பதனைக் கோயில் நிருவாகிகள் நன்கறிவர்!

திருவானைக்காவின் வெளிமதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். இறைவன் சித்தராய் எழுந்தருளி அம்மதிற் பணியை நடத்தினான் என்றும், பணியாளர்க்குத் திருநீற்றையே கூலியாக அளந்தான் என்றும், அவரவர் உழைப்பின் அளவுக்கு அது பொன்னாயிற்று என்றும் தலவரலாறு கூறும். அகிலத்தை ஆளும் பெருமான் கூலி அளக்கும் மேற்பார்வையாளனாக வந்து நின்ற வரலாறு அது. ஆட்சிப்பணி என்பது தொண்டாகுமா என ஐயுறுவோர் கொள்ளிடத்தைக் கடந்து அம்மதிலின் அடியிற் சென்று நிற்றல் நன்று. உழைத்தவனுக்கு உரிய பயன் உரிய காலத்தில் சேருமாறு பார்த்துக்கொள்வதே நல்லாட்சியின் தொடக்கம். தனியார் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் அந்நாளில் வயது முதிர்ந்து ஓய்வு பெற்றால் வெறுங்கையோடு வீடு திரும்பினர். அவர்கட்கு ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும் முப்பயன் திட்டம் 1955இல் வந்தது. பிள்ளைக்கு நண்பகற் சோறும் ஆசிரியனுக்கு முதுமைச் சோறும் ஒரே காலத்தில் எண்ணப்பட்டன என்பது கருதத்தக்கது. ஊர் சிறிதாயினும் பள்ளி வேண்டும் என்ற முறையில், 300 பேரே வாழும் சிற்றூர்க்கும் ஓராசிரியர் பள்ளி சென்றது. இப்பணிகளுக்காக 1961இல் நடுவணரசு அவர்க்குப் பத்மசிரீ விருது வழங்கிற்று.

பின்னர்ச் சில காலம் தில்லியில் நடுவணரசின் கல்வித் துறையில் பணியாற்றித் திரும்பினார். 1969இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1942 முதல் இருபத்தேழு ஆண்டு அப்பொறுப்பிலிருந்த டாக்டர் ஆ. இலக்குமணசுவாமி முதலியாரின் இருக்கை அது. 1857இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தினின்றும் தென்மாவட்டக் கல்லூரிகள் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்திற்குப் பிரிந்துவிட்டன. எனினும் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பாரதியார் பல்கலைக்கழகமும் 1982இல் தோன்றும்வரை திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளும் கோவைக் கல்லூரிகளும் சென்னையோடே இணைந்திருந்தன. மலைக்கோட்டையின் நிழலில் பயின்ற மாணவரும் சுந்தரவடிவேலு துணைவேந்தராக இருந்த ஆறாண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டமே பெற்றனர்.

அவ்விருக்கையில் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் கல்லூரியின் உச்சியிலிருந்து இறங்கி வந்தவர்கள். இவரோ ஓராசிரியர் பள்ளியின் வாயிலிலிருந்து ஏறிச் சென்றவர். 1955க்குப் பின் மதியச் சோற்றை நம்பி முதல் வகுப்பில் அமர்ந்த பிள்ளைகள் 1970ஐ ஒட்டிக் கல்லூரி வாயிலுக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்தம் தாய்தந்தையர் பலர்க்குக் கையெழுத்திடத் தெரியாது. கல்லூரிகள் நிறைந்து வழிகின்றன, தரம் தாழ்கின்றது என அக்காலத்தில் எழுந்த குரல்கள் பல. தரம் பற்றிய கவலை பொய்யன்று. கூட்டம் மிகுந்தால் பயிற்றும் முறை நலியும். ஆயினும் அப்பிள்ளைகளைக் கூட்டம் எனக் கருதுவதோ, பயிர் எனக் கருதுவதோ என்பது காண்பவர் உள்ளத்தைப் பொறுத்தது. விதைத்தவர்க்கு அறுவடை கூட்டமாகத் தோன்றாது. எதிர்பாராத வகையில், தாம் விதைத்ததன் விளைவைத் தாமே எதிர்கொள்ளும் வாய்ப்பு அவ்வதிகாரிக்குக் கிட்டியது.

ஓய்வுக்குப் பின் தம் வாழ்க்கை வரலாற்றை ‘நினைவு அலைகள்’ என்னும் பெயரால் விரிவாக எழுதினார். தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை அறிய விழைவோர் தவறாது கற்கவேண்டிய நூல் அது.

அவர் காலத்திலேயே அவர் நட்ட செடி மரமாயிற்று. 1982 சூலை முதல் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஊராரின் பங்கை எதிர்நோக்கி நில்லாமல் அரசே முழுச் சுமையையும் தாங்கும் காலம் வந்தது. சுந்தரவடிவேலு 1993 ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார். 1995 ஆகத்து 15ஆம் நாள் நாடு முழுமைக்குமான மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர்.

சமயபுரத்திலும் ஓர் அடுப்பு ஏற்றப்பட்டுள்ளது. 2021 செப்டம்பர் 16ஆம் நாள், திருச்செந்தூர், திருத்தணி ஆகிய தலங்களோடு இத்திருக்கோயிலிலும் நாள் முழுதும் அன்னம் பாலிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. அம்மை பட்டினி கிடக்கும் கோயிலில் அடியார் பட்டினி கிடத்தல் கூடாது என்னும் முறை இதனால் நிறைவேறிற்று. மக்கள் உடம்பையே இறைவன் நடமாடும் கோயிலாகக் கண்ட திருமூலர் வழியில் இஃது ஒரு நல்ல குடமுழுக்கு.

இவ்விழா நடத்தும் அன்பர்பால் இவ்வுரையின் வாயிலாக ஒரு விண்ணப்பம் வைக்கப்படுகின்றது. திருப்பணிக் கணக்கினை முடிக்கும் நாளில், சமயபுரத்தைச் சூழ்ந்த ஊர்களின் பள்ளிகளுக்கு இருவர் மூவராகச் சென்று வருக. கடம்பத்தூரில் எழுதியது போன்ற ஒரு பட்டியல் எழுதுக: எந்தச் சமையற்கூடத்துக் கூரை ஒழுகுகின்றது, எங்கே நல்ல தண்ணீர் இல்லை, எந்தப் பிள்ளைக்குத் தட்டு இல்லை. பூச்சொரிதலுக்குக் கூடை கூடையாகப் பூ அனுப்பும் ஊர்களே அவை. அடுத்த மாசி இறுதி ஞாயிற்றுக்கு முன், அப்பட்டியல் கோயில் முன்மண்டபத்தில் ஊரார் கேட்கப் படிக்கப்படுமாக.